கொடுங்கையூர் வீட்டுக் கீழ்த்தளத்தில் வி.எம்.சி. போடலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அம்பத்தூரில் ஆறு வருடம் வி.எம்.சி. (வெர்டிகல் மெஷினிங் சென்டர், கணினி ஓட்டும் மில்லிங் மெஷின்) ஆபரேட்டர், கடைசி இரண்டு வருடம் செட்டிங்கும், அதாவது வேலைக்கு மெஷினைத் தயார் செய்வதும், நீங்களே. கொடுங்கையூரில் சொந்த வீடு, கீழ்த்தளத்தில் பதினெட்டுக்கு இருபத்திரண்டு அடி ஹால் சும்மா கிடக்கிறது. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பணத்தில் 12 லட்சம் தருகிறேன் என்கிறார். பழைய வி.எம்.சி. ஒன்றை வாங்கி அந்த ஹாலில் போட்டு ஜாப் வொர்க் (கம்பெனிகள் தரும் பொருளைக் கூலிக்கு வெட்டிக் கொடுப்பது) எடுத்தால் வாடகை மிச்சம், எந்தக் கம்பெனி மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி பெயர் கடைசியாகப் பேச வேண்டிய விஷயம். அப்பாவின் பணத்தை அந்த ஹாலுக்குள் இறக்கலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 1998ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஹெல்பராக நுழைந்தவன். பிறகு சி.என்.சி. டர்னிங் (கணினி சொல்கிறபடி பொருளைச் சுழற்றிக் கடைவது), அப்புறம் செட்டர், 2011 முதல் மாதவரம் பக்கம் வாடகை ஷெட்டில் சொந்தமாக. இன்றைக்கு இரண்டு டர்னிங் சென்டர், ஒரு வி.எம்.சி. ஓடுகின்றன. ஆட்டோ பாகங்கள், பம்ப் பாகங்கள், கொஞ்சம் வால்வு வேலை, இவ்வளவுதான் என் உலகம். மோல்டு, டை வேலை என் துறை இல்லை. அந்தப் பக்கம் போக நினைத்தால் நான் சொல்லும் கணக்கு பொருந்தாது, அதைச் செய்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு டேப்பை எடுத்து ஹாலின் உயரத்தை அளங்கள். தளம் வரைக்கும் வேண்டாம், பீமின் அடி வரைக்கும். நம் பக்கத்து வீடுகளில் தளம் பத்து அடி என்றால் பீமுக்குக் கீழே ஒன்பது அடிதான் இருக்கும். எண்ணூறு மில்லிமீட்டர் எக்ஸ் ஓட்டம் (டேபிள் இடவலமாக நகரும் தூரம்) உள்ள சாதாரண வி.எம்.சி.யின் உயரமே எட்டரையிலிருந்து ஒன்பது அடி வரும், தலையை மேலும் கீழும் நகர்த்தும் இசட் மோட்டார் உச்சியில் உட்கார்ந்திருக்கும். சரி, இழுத்துப் பிடித்து நுழைத்துவிடலாம், மோட்டாரைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்த் திரும்ப மாட்டலாம் என்பீர்கள். ஆனால் நீங்கள் இருப்பது கொடுங்கையூர். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015ல் எங்கள் ஷெட்டில் முழங்கால் வரை தண்ணீர். கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) டேங்க் தெப்பம் மாதிரி மிதந்து போய் மெஷினின் பின்பக்கக் கதவில் இடித்துக்கொண்டு நின்றது. மின் கேபினட்டின் கீழ் வரிசையில் இருந்த டிரைவும் ஒரு சர்வோ மோட்டாரும் போயின. மெஷின் திரும்ப ஓட ஏழு வாரம் ஆனது, அந்த ஏழு வாரத்தில் ஒரு கஸ்டமர் வேறு ஆளிடம் போய்விட்டார், இன்றுவரை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஷெட் தரையை இரண்டு அடி ஏற்றினோம், மிக்ஜாமில் மெஷின்கள் தப்பின. உங்கள் ஹாலிலும் அதே இரண்டு அடியை ஏற்றினால் பீமுக்குக் கீழே மிஞ்சுவது ஏழு அடி. வி.எம்.சி. போகாது. ஏற்றாமல் போட்டால் ஒவ்வொரு நவம்பரிலும் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்க வேண்டியதுதான்.

இதில் கூத்து என்னவென்றால், அதே ஏழு அடிக்குள் சின்ன டர்னிங் சென்டர் சௌகரியமாக உட்காரும், அதன் உயரம் ஆறு அடி சொச்சம்தான். அதாவது உங்கள் வீடு டர்னிங்குக்கு ஒத்துக்கொள்கிறது, உங்கள் கை மில்லிங்கில் பழகியிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த மெஷின் என்று பேசிப் பயனில்லை.

தரை இன்னொரு விஷயம். வி.எம்.சி. நாலு டன்னுக்குக் குறையாது, டர்னிங் இரண்டரையிலிருந்து நாலு டன். டைல்ஸ் போட்ட வீட்டுத் தரையில் இதை வைக்கவே முடியாது. பழைய தரையை உடைத்து எடுத்து, கம்பி கட்டி, குறைந்தது எட்டு அங்குல கான்கிரீட் போட்டு, இருபத்தெட்டு நாள் ஆறவிட்டுத்தான் மெஷினை இறக்க வேண்டும். வடசென்னையில் பல இடங்களில் அடியில் களிமண், மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். மெஷின் லெவல் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், நீங்களே ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்திருப்பீர்கள். என் ஷெட்டில் மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை லெவல் பார்க்கிறேன், இரண்டு தடவையும் மெஷினின் அடியில் இருக்கும் ஏதாவது ஒரு லெவலிங் பேடைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வீட்டுச் சுவரின் அஸ்திவாரத்தோடு மெஷின் கான்கிரீட்டை ஒட்டவிடாதீர்கள், நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேல்மாடியில் அம்மா தோசை வார்க்கும்போது கரண்டி ஆடும். மெஷினை இறக்க ஹைட்ரா கிரேன் வர வேண்டும், தெரு குறுகல் என்றால் தெருமுனையில் இறக்கி உருளை பைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வருவார்கள், தெருவில் தாழ்ந்து தொங்கும் கேபிள் வயர்களை ஒரு நாள் முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

கரண்டில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, வீட்டு இணைப்பில் இதைச் செய்யாதீர்கள். கொடுத்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003ன் 126வது பிரிவுப்படி இரண்டு மடங்கு கட்டணத்தில் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள், அதுவும் பின்தேதியிட்டு. தனியாக மும்முனைத் தொழில் இணைப்பு வாங்க வேண்டும். 12 கிலோவாட் வரை குடிசை, குறுந்தொழிலுக்கான குறைந்த கட்டணப் பிரிவு இருக்கிறது, சின்ன டர்னிங் ஒன்றை அதற்குள் அடக்கப் பார்க்கலாம். வி.எம்.சி.யும் கம்ப்ரஸரும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும், சாதாரணத் தொழிற்சாலைக் கட்டணம் வரும். மெஷினுக்கு என்று தனி எர்த் குழி வேண்டும், எர்த் ஒரு ஓமுக்குள், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு வோல்ட்டுக்குள். வீட்டு எர்த்தோடு சேர்த்துவிட்டால் கண்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கணினி) காரணமே தெரியாத அலாரம் வரும், சர்வீஸ் இஞ்சினியர் வந்து பார்க்கும்போது மட்டும் வராது. ஸ்டெபிலைஸர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். டேப்பிங் (துளைக்குள் மரை வெட்டுவது) நடுவில் கரண்ட் போனால் டேப் உள்ளேயே உடைந்து நிற்கும், அந்தக் காஸ்டிங் கஸ்டமருடையது, இதைப் பிறகு சொல்கிறேன்.

இடம் குடியிருப்பு மண்டலமா, கலப்பா என்பதை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் முதலிலேயே பாருங்கள். குடியிருப்பு மண்டலத்தில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, மாநகராட்சித் தொழில் உரிமம் கேட்கும்போதும் இது வந்து நிற்கும். வீட்டில் மெஷின் போட்டவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே தெருவுக்கு ஒருவர் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் உண்மை, கொடுத்த பிறகு பேச உங்கள் கையில் காகிதம் எதுவும் இருக்காது என்பதும் உண்மை. குடியிருப்புப் பகுதிக்குச் சத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. மெஷினைக்கூட மூடி வைத்து ஓட்டிவிடலாம், கம்ப்ரஸர்தான் காட்டிக்கொடுக்கும். அதோடு ஏர் கன் வைத்து சிப்ஸ் (வெட்டி விழும் உலோகத் துருவல்) ஊதும் சத்தம். ஆக வீட்டில் இரண்டாவது ஷிஃப்ட் கிடையாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள், ஏனென்றால் அடுத்து வரும் கணக்கு முழுக்க இரண்டாவது ஷிஃப்ட்டில்தான் நிற்கிறது.

எங்கள் பக்கம் வி.எம்.சி.க்கு மணிக்கு 400லிருந்து 500 ரூபாய், டர்னிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் கீழே. 450 என்று வையுங்கள். ஒரு ஷிஃப்ட், மாதம் இருபத்தாறு நாள், எட்டு மணி நேரம், 208 மணி. இதில் செட்டிங், ஃபர்ஸ்ட் பீஸ், மெட்டீரியல் வரும் வரை காத்திருப்பது, டூல் மாற்றுவது எல்லாம் போக பில் போடக்கூடிய நேரம் 120, 130 மணிதான். முதல் வருடம் அதுவே அதிகம். 125 மணி என்றால் 56,000 ரூபாய். இன்சர்ட், எண்ட் மில், டிரில் என்று வெட்டும் டூல்கள் மாதம் எட்டாயிரம், கரண்ட் எட்டாயிரம், ஆயிலும் கூலண்டும் மூவாயிரம், டெம்போ நாலாயிரம், அங்கே இங்கே ரிப்பேர் ஐயாயிரம் என்று ஒதுக்கினால் 28,000 போகிறது. மீதி 28,000ல் உங்கள் சம்பளமும் இருக்கிறது, அப்பாவின் பணத்துக்கு வட்டியும் இருக்கிறது. கடன் வாங்கிப் புது மெஷின் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், 18 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணையே மாதம் 39,000 சொச்சம். நீங்கள் மிச்சம் என்று நினைக்கும் வாடகை எவ்வளவு? நான் 600 சதுர அடிக்குக் கொடுப்பது 16,000. மெஷின் ஓட்டத்தில் சொன்னால் முப்பத்தாறு மணி நேரம். இரவு எட்டு மணிக்கு மேல் நிம்மதியாக ஓட்டக்கூடிய ஒரு ஷெட்டில் அந்த முப்பத்தாறு மணியை ஒன்றரை வாரத்தில் எடுத்துவிடலாம். வீட்டில் போட்டால் வாடகை மிச்சம் என்பது கணக்கில் இருப்பதிலேயே சின்னத் தொகை. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

12 லட்சம் என்பது மெஷின் வாங்கும் பணம், கடை போடும் பணம் ஆகாது. பழைய வி.எம்.சி. நல்ல நிலையில் ஒன்பது லட்சம் என்று கிடைத்தாலும், கிரேன், போக்குவரத்து, தரை வேலை, வயரிங், எர்த், ஸ்டெபிலைஸர், கம்ப்ரஸர், பி.டி. 40 டூல் ஹோல்டர்கள், வைஸ், காலெட் என்று இன்னொரு ஐந்து லட்சம் கரையும். அளக்கும் சாமான் தனி. மைக்ரோமீட்டர் இரண்டு மூன்று சைஸ், போர் டயல் கேஜ், ஹைட் கேஜ், கிரானைட் பிளேட், கஸ்டமர் கேட்கும் பிளக் கேஜ், எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்குக் கீழே முடித்தவரை நான் பார்த்ததில்லை. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் அலைந்தால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் மைக்ரோமீட்டரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். அப்புறம் மூன்று மாத ஓட்டச் செலவு கையில் இருக்க வேண்டும், ஏன் என்றால் முதல் பில்லுக்குப் பணம் வரவே மூன்று மாதம் ஆகலாம்.

அந்தப் பணம் வரும் கதை. சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது 2006ம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், காலத்தில் கொடுக்காத தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்றும் வந்துவிட்டது, அதிலிருந்து மார்ச் மாதத்தில் மட்டும் எல்லாரும் மரியாதையாகப் போன் எடுக்கிறார்கள். இதற்கு உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவது) வேண்டும். அது இலவசம், ஆன்லைனில் ஆதார் வைத்துப் பத்து நிமிட வேலை, யாராவது இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் வட்டி கேட்டு வழக்குப் போட்ட கஸ்டமர் அடுத்த ஆர்டர் தர மாட்டார், அதனால் பெரும்பாலும் நாம் தொண்ணூறு நாள் பொறுத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். ஜி.எஸ்.டி.யில் ஜாப் வொர்க் சேவையாகத்தான் கணக்கு, வருடம் 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு இல்லாத ஆளுக்குப் பெரிய கம்பெனி வேலை தராது, முதல் நாளே எடுத்துவிடுங்கள். மெட்டீரியல் அவர்களுடையது, டெலிவரி சலானில் வரும், ஒரு வருடத்துக்குள் திரும்பப் போக வேண்டும். சலான் கணக்கைச் சுத்தமாக வையுங்கள், சிப்ஸ் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், அலுமினியம் சிப்ஸ் சின்னக் காசு கிடையாது.

இப்போது அந்த உடைந்த டேப் விஷயம். ஒரு பீஸுக்கு மெஷினிங் 12 ரூபாய் என்று வாங்குவீர்கள், காஸ்டிங்கின் விலை 90 ரூபாய் இருக்கும். ஒன்று ரிஜெக்ட் ஆனால் 90 ரூபாயை உங்கள் பில்லில் கழிப்பார்கள், உங்கள் 12ம் போச்சு. ஒன்பது நல்ல பீஸ் ஓட்டினால்தான் அந்த ஒன்றைச் சரிக்கட்ட முடியும். கம்பெனியில் ஆபரேட்டராக இருக்கும்போது ரிஜெக்ஷன் என்பது சூப்பர்வைசர் முகம் சுளிப்பதோடு முடிந்துவிடும், சொந்தத்தில் அது சோற்றில் கை வைக்கும். நான் ஆரம்பித்த இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அலுமினியம் ஹவுசிங், 62 எச்7 போர் (62 மில்லிமீட்டர் துளை, எச்7 என்பது அனுமதிக்கும் வித்தியாசம்), அதாவது 62.000லிருந்து 62.030க்குள். மே மாதம், ஷெட்டுக்குள் 36 டிகிரி, மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு போர் டயல் வைத்துப் பார்த்து நடுவில், பதினைந்து மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) நிறுத்தினேன். நானூறு பீஸ் போனது. அவர்கள் 20 டிகிரி ஏ.சி. அறையில் ஒரு நாள் வைத்திருந்து அளந்தார்கள், பெரும்பாலானவை சின்னதாக இருந்தன. அலுமினியம் மீட்டருக்கு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும், கேஜின் ஸ்டீல் அதில் பாதிதான். 36க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தில் பதினோரு மைக்ரான் ஓடிவிட்டது, பீஸ் கேஜைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்ததில் இன்னொரு பதினான்கு. பதினைந்தில் நிறுத்தியது மைனஸ் பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சின்னப் போர் என்பதால் திரும்ப வெட்டிச் சரிசெய்ய முடிந்தது, பெரிசாகியிருந்தால் அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருப்பேன். அதிலிருந்து அளக்கும் இடத்தில் ஒரு சின்ன ஏ.சி., பீஸும் கேஜும் ஒரே கல்லின் மேல் அரை மணி நேரம் கிடந்த பிறகுதான் அளவு. உங்கள் வீட்டில் ஒரு ஏ.சி. அறை இருந்தால் அதுதான் இந்தத் தொழிலுக்கு அந்த வீடு தரக்கூடிய பெரிய உதவி, கீழே இருக்கும் ஹால் அதற்கு அடுத்ததுதான்.

தண்ணீரையும் விடக்கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு, கூலண்ட் ஆயிலைக் கலந்தால் சரியாகக் கரையாமல் மேலே திட்டுத் திட்டாக நிற்கும், பெட்டில் துரு ஏறும். மெட்ரோ தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான் ஊற்ற வேண்டும், ஐந்திலிருந்து எட்டு சதவீதம், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கலவையின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மெஷின் நின்று திங்கள் காலை கதவைத் திறந்ததும் வரும் நாற்றம் கம்பெனியில் உங்களுக்குப் பழகியிருக்கும், வீட்டில் மாடிப்படி வழியாக அது நேராகச் சமையலறைக்குப் போகும். தீர்ந்துபோன கூலண்டைத் தெருச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய ஆயில் எடுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆட்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய மெஷின் பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், புது பெயின்ட் அடித்த மெஷின் என்றால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். டெஸ்ட் பார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஸ்பிண்டிலில் (டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) மாட்டி டயல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். அதிகபட்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, முழுதாக நிறுத்திய பிறகு ஸ்பிண்டில் மூக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் வேலை இருக்கிறது. ஒவ்வொரு அச்சிலும் டயல் வைத்துப் பத்து மைக்ரானாக நகர்த்தி பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) பாருங்கள். ஒரு வட்டம் வெட்டச் சொல்லி அளங்கள், நீள்வட்டமாக வந்தால் மீதியை விற்பவர் சொல்லவே வேண்டாம். டேபிளின் நடுவில்தான் எல்லாரும் வைஸ் போடுவார்கள், அதனால் டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ நடுவில் தேய்ந்தும் இரண்டு ஓரத்திலும் புதிதாகவும் இருக்கும், மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் ஃபேனக்கோ சீமென்ஸோ, அலாரம் ஹிஸ்டரியைத் திறங்கள், பாராமீட்டரும் லேடரும் (மெஷினின் அமைப்பு எண்களும் உள் லாஜிக் புரோகிராமும்) பேக்கப் எடுத்த பிரதி இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபேனக்கில் பேட்டரி தீர்ந்தால் பாராமீட்டரும் அச்சு ஜீரோவும் போய்விடும், மாற்றும்போதும் மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து வைத்துத்தான் மாற்ற வேண்டும், ஆறு மாதம் மூடிக் கிடந்த மெஷினில் முதல் சந்தேகம் இதுதான்.

மானியம் என்றதும் எல்லாரும் ஓடுகிறார்கள். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, உச்சம் 75 லட்சம், திட்டச் செலவு 10 லட்சம் முதல் 5 கோடி வரை, ஐ.டி.ஐ. படித்தவரும் தகுதிதான். மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் நகரத்தில் பொதுப் பிரிவுக்கு 15 சதவீதம், மற்ற பிரிவுகளுக்கு 25. கிண்டியில் தொழில் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், இடைத்தரகர் வேண்டாம். ஆனால் மானியம் புது மெஷினுக்குத்தான், பழைய மெஷினுக்கு எதிர்பார்க்காதீர்கள். மானியத்துக்காகத் தேவைக்கு மேல் பெரிய மெஷின் எடுத்துத் தவணையில் மாட்டிக்கொண்டவர்களை அம்பத்தூரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், வீட்டுப் பாலிசி மெஷினுக்குச் செல்லாது.

இதுவரை சொன்னதில் உயரம், எடை, எர்த், வெப்பம் எல்லாம் உறுதி, யார் அளந்தாலும் அதே எண் வரும். ஆர்டர் கிடைக்குமா, அடுத்த மூன்று வருடம் ரேட் ஏறுமா என்பதில் நான் சொல்வது கணிப்புதான். இன்ஜின் பாகங்களையே நம்பி நான் புதிதாக ஒரு மெஷின் போட மாட்டேன், மின்சார வண்டி வந்துகொண்டிருக்கும்போது அது என் பயம், உங்களுக்கு இருக்க வேண்டும் என்றில்லை. வால்வு, பம்ப், ரயில்வே பாகம் போன்றவை மெதுவாக நகரும் வேலை, ஆனால் நிற்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். வேலையை விடாமல், முதலில் ஆர்டர் பிடிப்பேன். வியாசர்பாடியிலோ வில்லிவாக்கத்திலோ சிட்கோ எஸ்டேட்டில் மெஷின் பாதி நேரம் சும்மா நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், மணிக் கணக்கில் பேசி அவர்கள் மெஷினில் ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் நானே போய் ஓட்டுவேன். பீஸைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர், டூல், கேஜ் என்னுடையது. வீட்டு ஹாலில் கிரானைட் பிளேட், ஏ.சி., பிசிறு எடுக்கும் டீபரிங் பெஞ்ச், புரோகிராம் போட ஒரு கம்ப்யூட்டர், பேக்கிங். இவ்வளவுக்கும் இரண்டு, இரண்டரை லட்சம் போதும், சத்தம் கிடையாது, வெள்ளம் வந்தால் மாடிக்குத் தூக்கிவிடலாம், பிளேட்டைத் தவிர. மாதம் 120 மணி நேரத்துக்கு ஆறு மாதம் தொடர்ந்து வேலை வந்தால், மீதிப் பணத்தை முன்பணமாகப் போட்டு, விச்சூர் பக்கமோ மாதவரம் பக்கமோ ஷெட் எடுத்து, அப்போது மெஷின். வராவிட்டால் ஒன்பது லட்சம் அப்பாவின் வங்கிக் கணக்கிலேயே இருக்கும்.

இல்லை, வீட்டிலேயேதான் மெஷின் என்றால் டர்னிங் கற்றுக்கொண்டு டர்னிங் போடுங்கள், இரண்டு அடி தரையை ஏற்றி. வி.எம்.சி. செட்டர் ஒருவருக்கு டர்னிங் கைவர ஆறு மாதம் போதும், சாஃப்ட் ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) போர் செய்வதும், சுருள் சிப்ஸை உடைக்க ஃபீடு (டூல் நகரும் வேகம்) பிடிப்பதும்தான் புதிது, மீதி ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) விளையாட்டு உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு விஷயம் மட்டும் நீங்கள் எழுதவில்லை. அப்பா ஐ.சி.எஃப்.பில் எந்த ஷாப்பில் இருந்தார்? பெயின்ட்டோ ஃபர்னிஷிங்கோ என்றால் நான் மேலே சொன்னது அப்படியே. மெஷின் ஷாப்பில் டர்னராக இருந்தவர் என்றால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவரை அந்த ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், அப்போது எந்தக் கம்பெனி மெஷின் என்பதைப் பேசலாம்.